அம்மாவின் சீட்டு எதற்கு?

கேள்வி: எனக்கு 22 வயது. கொக்குவிலில் அம்மாவோடும் தங்கச்சியோடும் இருக்கிறேன். ரவுனில் ஒரு கணினிப் பாடநெறி படிக்கிறேன். கேமிங் லப்டொப் ஒன்று வாங்க வேண்டும். விருப்பமான மொடல் நாலரை லட்சம். அதே கம்பனியின் அடி மொடல் 255,000 ரூபாய்: ஆர்டிஎக்ஸ் 2050 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இப்போது இதை வாங்கி, வேலை கிடைத்ததும் ரேம், கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று யோசிக்கிறேன். வகுப்பில் லாப் இருப்பதால் வெளியே கொண்டுபோகத் தேவையில்லை. அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். மாதம் 15,000 கட்டுகிற 20 மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது. இந்த ஏழாம் மாதமே கழிவு விட்டு எடுத்தால் அளவாக 255,000 வரும், எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அடி மொடலை வாங்கலாமா, பெரியதற்குப் பொறுத்திருக்கவா?

பதில்:

தம்பி, ரேம் எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருக்கிறீர். அம்மாவின் சீட்டை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர். எனக்கு அந்த ‘அளவாக’ என்ற சொல்லைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. முடிவுக்கு முன் எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கிற கழிவு போகக் கைக்கு வருவது 255,000. லப்டொப்பின் விலையும் 255,000. இந்த மொடலைத் தெரிவு செய்தது நீர் இல்லை, சீட்டு. வரப்போகிற காசுக்கு ஏற்ற பெட்டியைத் தேடிப் பிடித்துவிட்டு, ஆசைக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கிற பள்ளத்தைப் ‘பிறகு மாற்றலாம்’ என்று சொல்லி மூடுகிறீர்.

சரி, அந்தப் ‘பிறகை’ முதலில் பார்ப்போம். எங்கள் ஊரில் மேல்மாடிக்குக் காசு போதாதவர்கள் தூணில் கம்பியை நீட்டி விட்டுக் கட்டுவார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பியில் இருந்து தொடங்கலாம். கேமிங் லப்டொப்பில் அப்படிக் கம்பி விட்டிருப்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான்: வேலை நடக்கும்போது பயன்படுகிற நினைவகமான ரேம், கோப்புகளைச் சேமிக்கிற எஸ்எஸ்டி. என் தங்கையின் மகன் லப்டொப் திருத்துகிறவன். ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒன்றைக் கழற்றினான். பின்மூடியில் பதினொரு ஸ்குரூ. நீளம் ஒன்றுபோல இல்லை என்று, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பீரிசில் வட்டமாக அடுக்கினான். ரேமைப் பிடித்திருந்த இரண்டு கொளுக்கியையும் நகத்தால் விலக்கியதும் அது தானாக நிமிர்ந்து நின்றது. எஸ்எஸ்டிக்கு ஒரே ஒரு ஸ்குரூ. “கிராபிக்ஸ் எங்கேயடா?” என்றேன். இரண்டு செப்புக் குழாய்களுக்கு அடியைக் காட்டினான். கேமின் படத்தை வரைகிற அந்தச் சிப், மதர்போர்டோடு ஈயம் வைத்துப் பற்றியது. அதைச் சுற்றி நிற்கிற கறுப்புச் சதுரங்கள் அதற்குரிய நினைவகம், அவையும் பற்றியவைதான். “இதை மாற்றுவதென்றால் போர்டையே மாற்ற வேணும் பெரியம்மா. அந்தக் காசுக்கு இன்னொரு லப்டொப் பார்க்கலாம்” என்றான்.

ஆகவே உமது 2050இல் இருக்கிற 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம், அந்த லப்டொப் சாகும் வரை 4 ஜிபிதான். புதிதாக வருகிற பெரிய கேம்கள் பலவற்றுக்கு அது காணாது. ப்ரொசெசரும் இதே கதை. இன்டெல்லின் நாலாம் தலைமுறையோடு, கழற்றி மாட்டுகிற லப்டொப் ப்ரொசெசர்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிரேம்வேர்க் என்ற அமெரிக்கக் கம்பனி கிராபிக்ஸைக் கழற்றி மாட்டுகிற 16 அங்குல லப்டொப் ஒன்று செய்கிறதுதான், ஆனால் அதை யாழ்ப்பாணக் கடைகளில் தேடி அலைய வேண்டாம். ரேமையாவது பிறகு மலிவாகப் போடலாம் என்பீர். 2025 கடைசியில் இருந்து ஏஐ தரவு மையங்கள் வாங்கிக் குவித்ததில் ரேம் விலை உலகம் முழுவதும் ஏறியதை நீர் அறிந்திருப்பீர். எங்கள் நாட்டுப் ‘பிறகு’ அதைவிட மோசம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரத்தில் உமக்கு என்ன, 18 வயதா? பெற்றோல் வரிசையில் நின்றிருப்பீரே.

இனிச் சீட்டு. சும்மா சீட்டுக் கட்டுகிற அம்மா இந்த ஊரில் இல்லை. தங்கச்சிக்கு ஒரு சோடிக் காப்பு, கிணற்றுக்கு மோட்டர், மாரிக்கு முன் ஓடு மாற்றுவது, எப்போதோ வைத்த அடைவை மீட்பது என்று ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். எது என்று நீர் எழுதவில்லை. மறைக்கிறீர் என்று நான் நினைக்கவில்லை. நீர் கேட்கவே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஏழு மாதமாக அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எத்தனையாம் மாதம் கழித்தால் எவ்வளவு வரும் என்பது வரைக்கும் விசாரித்த பிள்ளை, எதற்கு என்று கேட்கவில்லை. இதற்கு எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று லட்சம் சீட்டில் 45,000 கழிவு. அந்தக் கழிவைச் சீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பிரித்தால், அம்மாவுக்குத் திரும்பி வருவது ஒரு கிழமைக் கறிக்காசுக்கும் போதாது. அதற்குப் பிறகு இன்னும் 13 மாதம் அவர் 15,000 கட்ட வேண்டும், மொத்தம் 195,000. நீர் கேம் விளையாடுகிற ஒவ்வொரு மாதமும் அவர் கட்டுவார். ஒரு இடியப்பத்தில் அவருக்கு என்ன மிஞ்சும் என்று தெரியுமா? தெரிந்தால் 15,000ஐ அதால் பிரித்துப் பாரும். “அம்மா சொல்லிவிட்டார்” என்று எழுதுகிறீர். அம்மாமார் சொல்லத்தான் சொல்லுவார்கள். ஆண்பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத வீடுகள் எத்தனையைக் கண்டுவிட்டேன்! முன்பு மோட்டார்சைக்கிள், இப்போது லப்டொப், சீட்டு மட்டும் அதே சீட்டு. மீசை முளைத்த பிள்ளை அம்மாவின் சீட்டை நடுவில் உடைக்கக் கூடாது. இதில் நான் பழைய மனுசிதான், மாறப்போவதும் இல்லை.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே கொண்டுபோகத் தேவையில்லை என்று நீரே எழுதிய பிறகு லப்டொப் எதற்கு? டெஸ்க்டொப் ஒன்றைப் பொருத்தும். ‘இப்போது அடி மொடல், மிச்சம் பிறகு’ என்ற கதை உண்மையாவது அங்கேதான். ஏஎம்டி கம்பனியின், பெயருக்குப் பின்னால் ‘ஜி’ வருகிற ரைசன் ப்ரொசெசர்களில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். சின்னக் கேமுக்கும் படிப்புக்கும் அதோடு தொடங்கி, தனிக் கிராபிக்ஸ் கார்டைப் பிறகு மாட்டலாம். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதேயும், நாளைக்கு வருகிற கார்டைத் தாங்கப்போவது அதுதான். கரண்ட் போய் வருகிற ஊர், ஒரு யூபிஎஸ்ஸும் வேணும்.

லப்டொப்தான் என்று நின்றால், மாற்ற முடியாததில் காசைப் போடும்: கிராபிக்ஸ், ப்ரொசெசர், திரை. கிராபிக்ஸின் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்ஸில் இருந்து 115 வாட்ஸ் வரை லப்டொப்கள் இருக்கின்றன, வாட்ஸ் குறைந்தால் வேகமும் குறையும். ரேம் 8 ஜிபியோடு வந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது இடம் வெறுமையாக இருக்கிறதா என்று கேளும். விபரத்தில் ‘எல்பிடிடிஆர்’ என்று போட்டிருந்தால் ரேமும் போர்டோடு பற்றியதுதான், விட்டுவிடும். மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கும்.

காசு? கணினி படிக்கிற பிள்ளைக்கு இந்த ஊரில் பின்நேர வேலை கிடைக்காமல் இல்லை. உமது பெயரில் ஒரு சீட்டுக் கட்டும். கடைசி மாதத்தில் எடுத்தால் கழிவும் இல்லை.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு விடிய அம்மா மா குழைக்கும்போது எழும்பிப் போய், உரலைப் பிழிந்துகொண்டே கேளும், இந்தச் சீட்டு எதற்கு அம்மா என்று. அவர் சொல்வதை எனக்கு எழுதும். எந்தக் கார்ட் நல்லது என்பதைப் பிறகு பார்க்கலாம்.