தண்ணீர் முதலா, ஆவி முதலா? பெந்தெகொஸ்தே வாரத்துக் கேள்வி பதில்

வருகிற ஞாயிறு பெந்தெகொஸ்தே. இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி பரிசுத்த ஆவியைப் பற்றி, மீதி ஞானஸ்நானத்தைப் பற்றி. காரைக்குடிப் பக்கம் இருபது வருடம் ஞாயிறு பள்ளியும் திடப்படுத்தல் (வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்வது) வகுப்பும் நடத்தியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அம்மா பிறந்த வீடு கத்தோலிக்கம். தங்கை போவது பெந்தெகொஸ்தே சபைக்கு. எந்தப் பக்கம் சாய்ந்து எழுதினாலும் எனக்கு ஒரு வீட்டில் சோறு கிடைக்காது.

கேள்வி (செக்காலை, கல்லூரி மாணவர்): அண்ணே, பெந்தெகொஸ்தே என்றால் அந்தப் பெயர் உள்ள சபைக்காரர்களின் பண்டிகைதானே?

இல்லை தம்பி, பண்டிகை எல்லாருக்கும் பொது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'ஐம்பதாவது' என்று பொருள். பஸ்கா முடிந்து ஏழு வாரம் கழித்து வரும் யூதர்களின் அறுப்புப் பண்டிகை அது. கோதுமையின் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் கிடைத்த நாளாகவும் யூத மரபு அதைக் கொண்டாடுகிறது. அதை மனதில் வைத்து அந்தப் பண்டிகை நாளில் சீடர்கள்மேல் ஆவி இறங்கியதைச் சொல்லும் அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள், முழக்கமும் நெருப்பும் ஏன் வருகின்றன என்று புரியும். சீனாய் அடிவாரத்தில் பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் மடிந்தவர்கள் ஏறக்குறைய 3,000 பேர் (யாத்திராகமம் 32:28). எருசலேமில் அன்று ஞானஸ்நானம் பெற்றவர்களும் ஏறக்குறைய 3,000. அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா கணக்குப் போட்டுத்தான் எழுதினார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் பிரசங்கத்துக்கு ஏறுகிறவர்கள் இதை விடமாட்டார்கள். நானும் விட்டதில்லை.

சபைகளுக்கு அந்தப் பெயர் வந்தது மிகவும் பிந்தி. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில், அடிமைகளாயிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்துதான் அந்த இயக்கம் உலகமெங்கும் பரவியது.

கேள்வி (கானாடுகாத்தான்): எருசலேமில் ஆறு கிடையாது. 3,000 பேரை ஒரே நாளில் எங்கே முழுக்கினார்கள்? அதனால் தெளித்துத்தான் இருப்பார்கள் என்று ஒரு போதகர் சொன்னார்.

அவர் அவசரப்பட்டுவிட்டார். ஆறு இல்லாத ஊர் என்றால் தண்ணீர் இல்லாத ஊர் என்றா அர்த்தம்? உங்கள் ஊரிலும்தான் ஆறு இல்லை. மழைநீரை ஓடுகால் வழியாக இறக்கி ஊருணியில் தேக்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். எருசலேம்காரர்களும் அப்படித்தான். தேவாலய மலையின் தென்பக்கச் சுவரையொட்டித் தோண்டியபோது, பாறையில் வெட்டிய முழுக்குத் தொட்டிகள் டஜன் கணக்கில் வெளிப்பட்டன. உள்ளே இறங்கக் கல்படி. சிலவற்றில் படியின் நடுவே ஒரு சிறு தடுப்பு: இறங்குகிறவர் ஒரு பக்கம், சுத்தமாகி ஏறுகிறவர் மறுபக்கம். ஆலயத்துக்குப் போகிற யூதர் அதில் மூழ்கி எழுந்துதான் போவார். 2004இல் சீலோவாம் குளத்தின் படிக்கட்டுகளும் வெளியே வந்தன. படத்தைப் பார்த்தால் நம் ஊருணிப் படித்துறைதான்.

அந்தத் தொட்டிகளில் யாரும் யாரையும் பிடித்து முக்குவதில்லை. அவரவரே மூழ்குவார், ஒருவர் சாட்சியாக நிற்பார். அப்போஸ்தலர்களும் அன்று அதே வழியில்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பேதுரு பேசத் தொடங்கியது காலை ஒன்பது மணிக்கு. பொழுது சாய்வதற்குள் 3,000 பேர் என்பது நடக்காத காரியம் அல்ல.

கேள்வி (புதுவயல்): மனந்திரும்பு, ஞானஸ்நானம் எடு, அப்புறம் ஆவியைப் பெறுவாய் என்று அப்போஸ்தலர் 2:38இல் வரிசை தெளிவாக இருக்கிறது. எங்கள் ஊழியர் ஆவியின் அபிஷேகம் வேறு, தண்ணீர் வேறு என்கிறார். எது சரி ஐயா?

அந்த ஒரு வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் வரிசை தெளிவுதான். மூடாமல் மேலே படியுங்கள்.

8ஆம் அதிகாரம், சமாரியா. ஞானஸ்நானம் ஆகிவிட்டது, ஆவி வரவில்லை. பேதுருவும் யோவானும் எருசலேமிலிருந்து வந்து கைகளை வைத்த பிறகே பெறுகிறார்கள். 9இல் பவுலுக்கு முதலில் அனனியா என்ற சீடர் கை வைக்கிறார், பிறகு ஞானஸ்நானம். 10இல் செசரியா, கொர்நேலியு வீடு. பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவி இறங்கிவிடுகிறது. 'இவர்களுக்குத் தண்ணீரை யாராவது மறுக்கலாமா' என்று அப்புறம்தான் கேட்கிறார். 19இல் எபேசு. ஏறக்குறைய 12 பேர், யோவான் ஸ்நானகன் கொடுத்த ஸ்நானம் மட்டும் தெரிந்தவர்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம், கைவைத்தல், ஆவி, அந்நிய பாஷை (கற்காத மொழியில் பேசுவது) எல்லாம் ஒரே மூச்சில்.

ஆக, ஒரே புத்தகத்தில் இத்தனை வரிசை. சமாரியாவைப் பிடித்துக்கொண்டு கத்தோலிக்கர் உறுதிபூசுதலுக்கு (அவர்களின் திடப்படுத்தல்) ஆதாரம் என்பார்கள், பெந்தெகொஸ்தே சபையார் விசுவாசித்த பிறகு தனியே ஆவியைப் பெறும் இரண்டாவது அனுபவத்துக்கு ஆதாரம் என்பார்கள். லூக்கா எழுதியது நடந்த கதை. அதை நாம் செய்முறைக் குறிப்பாக மாற்றுகிறோம் என்பது என் கருத்து. யூதரும் சமாரியரும் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். எருசலேம்காரர் வந்து கை வைக்காமல் இருந்திருந்தால் சமாரியாவில் தனிச் சபை முளைத்திருக்கும். செசரியாவில் சிக்கல் வேறு. ஆவி முந்திக்கொள்ளாவிட்டால் பேதுரு கொர்நேலியு என்ற யூதரல்லாத ரோமப் படைத்தலைவனைத் தண்ணீரில் இறக்கவே துணிந்திருக்க மாட்டார். ஒவ்வொரு இடத்திலும் எந்தக் கதவு அடைத்திருந்ததோ அந்தக் கதவு திறக்கிறது.

நம் பெரிய வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சிலர் முகப்பு வழியாக வருவார்கள், சிலர் பின்கட்டு வழியாக. வளவுக்கு வந்தவர்களிடம் 'எந்த வாசல்' என்று யாராவது விசாரிப்போமா? ஆனால் ஒன்று: எந்த அதிகாரத்திலும் ஆவி வந்துவிட்டது, இனித் தண்ணீர் வேண்டாம் என்று விட்டதில்லை. தண்ணீர் போதும், ஆவி எதற்கு என்றும் விட்டதில்லை. உங்கள் ஊழியர் இரண்டும் வேறு என்றால் சரி. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டமாகப் பேசினால் தவறு.

கேள்வி (தேவகோட்டை): குழந்தையிலேயே சிஎஸ்ஐயில் தெளித்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த வீட்டில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் சபையில் சேர்ப்போம் என்கிறார்கள். எடுக்கலாமா அண்ணே?

அக்கா, இதில் இரண்டு பேரும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அதுதான் சிக்கல். உங்கள் பிறந்த வீட்டுக் கணக்கில் இது இரண்டாவது ஞானஸ்நானம். 'ஒரே ஞானஸ்நானம்' என்ற எபேசியர் 4:5ஐ வைத்து அது கூடாது என்பார்கள். புகுந்த வீட்டுக் கணக்கில் விசுவாசம் இல்லாமல் பெற்றது ஞானஸ்நானமே இல்லை, ஆகவே இதுதான் முதலாவது. 1525இல் சூரிச்சில், குழந்தையில் பெற்றது செல்லாது என்று சிலர் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தபோது தொடங்கிய வழக்கு இது, இன்னும் தீர்ப்பாகவில்லை.

பழமை என்று பார்த்தால் இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. சுமார் கி.பி. 200இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் குழந்தைகளுக்கு அவசரம் வேண்டாம் என்று எழுதினார். அவர் வேண்டாம் என்று சொல்கிறார் என்றால் அப்போதே வழக்கத்தில் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? அடுத்த தலைமுறையில் அதே கார்த்தேஜில் ஆயராயிருந்த சிப்ரியன், பிறந்து எட்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம் என்றார்.

என்னைக் கேட்டால், திடப்படுத்தல் எடுத்து உங்கள் வாயால் அறிக்கை செய்திருக்கிறீர்கள் என்றால் மறுபடி வேண்டாம். கொடுத்தது கடவுள், அப்போது நீங்கள் கைக்குழந்தை என்பதால் அது செல்லாமல் போகாது. என் தங்கை எடுத்துக்கொண்டாள். அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் எடுத்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா பேசாமல் இருந்ததையும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு விஷயம், வீட்டுக்காரருக்காகவோ மாமியாருக்காகவோ எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் அது அவர்கள் கணக்கிலும் செல்லாது, அவர்கள் கேட்பதே சொந்த விசுவாசம்தானே.

கேள்வி (கோட்டையூர்): அந்நிய பாஷை பேசாதவருக்கு ஆவி இல்லையா?

'எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா?' என்று பவுலே கேட்கிறார் (1 கொரிந்தியர் 12:30). இல்லை என்பதுதான் அவர் எதிர்பார்க்கும் பதில். அப்போஸ்தலர் 2இல் பேசியது, கேட்டவர்களுக்குத் தத்தம் ஊர்ப் பேச்சாகப் புரிந்தது. அன்று அற்புதம் காதிலும் நடந்திருக்கிறது.

கேள்வி (பள்ளத்தூர்): 'இயேசுவின் நாமத்தில்' கொடுத்தால்தான் செல்லுமாமே?

1913இல் கலிபோர்னியாவில் ஒரு கூடாரக் கூட்டத்தில் கிளம்பிய தகராறு. மத்தேயு 28:19இல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று இருக்கிறது, பெரும்பாலான சபைகள் அதைத்தான் சொல்கின்றன. 'இயேசுவின் நாமத்தில்' என்று லூக்கா எழுதுவது யாருடைய அதிகாரத்தில், யாருக்குச் சொந்தமாக என்பதற்கு. உச்சரிக்க வேண்டிய வாசகத்தை அவர் பதிவு செய்யவில்லை.

கேள்வி (காரைக்குடி, ஒரு ஆச்சி): நாங்கள் பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள். பேத்தியின் தோழி வீட்டில் அழைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் என்பது தீர்த்தமாடுவது மாதிரிதானே?

வாங்க ஆச்சி. கழுவுவது என்பது இரண்டிலும் உண்டு. ஆனால் தீர்த்தம் திரும்பத் திரும்ப ஆடலாம், இது ஒரு முறைதான். மூல கிரேக்கச் சொல்லின் வேரில் தோய்ப்பது, சாயம் முக்குவது என்ற பொருளும் உண்டு. கண்டாங்கி நூலைச் சாயத்தில் தோய்த்து எடுத்தால் பிறகு அது வெள்ளை நூல் இல்லையே, அதுபோல. பவுல் இன்னும் கடுமையாகச் சொல்வார்: மூழ்குவது சாவு, எழுவது உயிர் (ரோமர் 6). அதனால்தான் வெள்ளை உடுத்தி நிற்பார்கள். அங்கே யாரும் உங்களைத் தண்ணீருக்குள் கூப்பிட மாட்டார்கள், தைரியமாகப் போய் வாருங்கள்.

கேள்வி (குன்றக்குடி பக்கம், ஒரு சின்ன சபையின் ஊழியர்): கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். சிமெண்ட் தொட்டியில் லாரித் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாமா?

தாராளமாக. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'டிடாக்கே' என்ற சபை ஒழுங்கு நூல் இதையே பேசுகிறது: ஓடுகிற நீர் நல்லது, இல்லையென்றால் வேறு நீர், குளிர்ந்தது இல்லையென்றால் வெந்நீர், இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. எழுதியவர் கோடையில் கண்மாயைப் பார்த்தவர் போலிருக்கிறது. தொட்டியை மட்டும் சனிக்கிழமையே தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடியில் பாசி இருந்தால் முழுக்குகிறவரும் சேர்ந்து முழுகிவிடுவார்.