வாசகர் கேள்வி – பதில்: சார்ம் குவார்க் எப்படி ஹாட்ரானாகிறது?

கேள்வி: புரோட்டான்கள் மோதும்போது, குவார்க் எனும் அடிப்படைத் துகளின் ஒரு வகையான சார்ம் குவார்க் தோன்றுகிறது என்கிறார்கள். ஆனால் கருவிகளில் பதிவாவதெல்லாம் டி மேசான் போன்ற ஹாட்ரான்கள், அதாவது குவார்க்குகள் சேர்ந்து உருவான துகள்கள், விட்டுச்சென்ற தடயங்கள்தான். குவார்க் எந்தக் கட்டத்தில், எவ்வாறு ஹாட்ரானாக மாறுகிறது? எந்த வகை ஹாட்ரானாகும் என்பதை எது தீர்மானிக்கிறது?

பதில்: சார்ம் குவார்க்கின் நிறை, துகளியலில் நிறையையும் அளக்கப் பயன்படும் ஆற்றல் அலகில், ஏறத்தாழ 1.27 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். அதாவது, மூன்று குவார்க்குகளைக் கொண்ட முழுப் புரோட்டானைவிட இந்த ஒற்றைக் குவார்க் கனமானது. அது தன் எதிர்த்துகளோடு இணையாகவே தோன்ற முடியும் என்பதால், இதைப்போல் இருமடங்கு ஆற்றலாவது ஒரே புள்ளியில் குவிந்தாக வேண்டும். ஐரோப்பியத் துகளியல் ஆய்வகமான செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவியில், எதிரெதிராக வரும் புரோட்டான்களுக்குள் குவார்க்குகளைப் பிணைத்திருக்கும் குளுவான்கள் என்னும் துகள்களில் இரண்டு ஒன்றோடொன்று மோதி இணைவதே பெரும்பாலும் இதற்கு வழி.

தோன்றிய இரண்டும் விலகி ஓடும்போது, குவார்க்குகளைப் பிணைக்கும் வலுமிகு விசை அவற்றுக்கிடையே தூரத்தோடு தளர்வதில்லை. விசைப்புலம் ஒரு மெல்லிய கயிறாகத் திரண்டு, ஒவ்வொரு ஃபெம்டோமீட்டர் (மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நீட்சிக்கும் சுமார் ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. ஓர் அளவுக்கு மேல் நீண்டதும், சேர்ந்த ஆற்றல் புதியதொரு குவார்க்–எதிர்க்குவார்க் இணையாக மாற, அந்த இடத்தில் கயிறு அறுபடுகிறது. தனிக் குவார்க் ஒருபோதும் வெளியே வராததற்கு இதுவே காரணம். இவையெல்லாம் 10⁻²³ வினாடி என்ற அளவிலான நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

இந்த அறுபடலில் பிறப்பவை பெரும்பாலும் மிக இலேசான வகைகளான அப், டவுன் குவார்க்குகள். ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் வாய்ப்பு அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவே. சார்ம் இவ்வழியில் பிறப்பதற்கான வாய்ப்போ, கயிறு அறுபடுவதை விவரிக்கும் லுண்ட் மாதிரியின் கணக்குப்படி, பத்தாயிரம் கோடியில் ஒன்று. ஆகவே ஒரு ஹாட்ரானுக்குள் சார்ம் இருந்தால், அது கயிறு அறுந்தபோது வந்ததன்று, அதற்கும் முன்பே பிறந்தது என்று நடைமுறையில் உறுதியாகச் சொல்லலாம். ஹாட்ரானாக்கத்தை ஆராய்வோர் சார்மை இவ்வளவு விரும்புவது இதனால்தான் என்பது என் கருத்து. மற்ற இலேசான குவார்க்குகளில் முதலில் பிறந்தது எது, பின்னர் வந்தது எது என்று பிரித்தறியவே முடியாது.

எதிர்-அப் சேர்ந்தால் மின்னூட்டமற்ற டி மேசான், எதிர்-டவுன் சேர்ந்தால் நேர்மின்னூட்ட டி மேசான், எதிர்-ஸ்ட்ரேஞ்ச் சேர்ந்தால் டி-எஸ் மேசான், இரு குவார்க்குகள் சேர்ந்தால் லாம்ப்டா-சி போன்ற, மூன்று குவார்க்குகள் கொண்ட பாரியான். அப்பும் டவுனும் சம வாய்ப்புடையவை என்றால் முதல் இரண்டும் சம எண்ணிக்கையில் அல்லவா கிடைக்க வேண்டும்? கிடைப்பதில்லை, மின்னூட்டமற்றது இருமடங்குக்கும் மேல் கிடைக்கிறது. பல சார்ம் குவார்க்குகள் முதலில் டி-ஸ்டார் என்னும் கிளர்ந்த நிலையை அடைந்து, பிறகே டி மேசானாகச் சிதைகின்றன. நேர்மின்னூட்ட டி-ஸ்டார், மின்னூட்டமற்ற டி மேசானையும் பயான் எனும் இலேசான மேசானையும் தருமளவுக்கு, வெறும் 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் உபரியோடு கனமாக இருக்கிறது. மின்னூட்டமற்ற டி-ஸ்டாருக்கோ நேர்மின்னூட்ட டி மேசானையும் பயானையும் தர இரண்டு மெகா எலக்ட்ரான் வோல்ட் சொச்சம் போதவில்லை. அந்த வழி அடைபடுவதால் கணக்கு ஒருபக்கம் சாய்கிறது.

எண்ணிக்கை எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மின்னூட்டமற்ற டி மேசானின் சராசரி ஆயுள் 0.41 பிக்கோ வினாடி (பிக்கோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதற்குள் அது கடப்பது மில்லிமீட்டரின் ஒரு சிறு பங்கு. நூற்றில் நான்கு மட்டுமே ஒரு கேயானும் (ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட மேசான்) ஒரு பயானுமாகச் சிதைகின்றன. சிலிக்கான் உணரிகளில் பதிந்த அவ்விரு தடங்களைப் பின்னோக்கி நீட்டி, அவை மோதல் புள்ளியிலிருந்து சற்று விலகிச் சந்திக்கின்றனவா, கூட்டு நிறை அந்த டி மேசானின் நிறையான 1.865 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

சார்ம் குவார்க்குகளில் எத்தனை சதவீதம் எந்த ஹாட்ரானாகும் என்பது எல்லா மோதலிலும் ஒன்றாகவே இருக்கும் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல்களில் சார்ம் குவார்க்குகளில் ஏறத்தாழ 6 சதவீதம் லாம்ப்டா-சி ஆயின. ஆனால் செர்னின் ஆலிஸ் குழு, 5.02 டெரா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் மோதல்களில் அது 20 சதவீதத்தை ஒட்டி இருப்பதைக் கண்டது. புரோட்டான் மோதலில் பல கயிறுகள் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடப்பதால் அவை தமக்குள் மாறி இணைகின்றன என்பது ஒரு விளக்கம். அருகில் ஏற்கெனவே இருக்கும் குவார்க்குகளோடு சார்ம் ஒட்டிக்கொள்கிறது என்பது இன்னொன்று. இரண்டில் எது என்று இன்னும் முடிவாகவில்லை.

கேள்வி: சார்மும் எதிர்-சார்மும் தமக்குள்ளேயே சேர்ந்து ஒரு துகளாகாதா?

பதில்: ஆகும், ஆனால் அரிது, நூறு இணைகளில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. அப்படிச் சேர்ந்த ஜே/சை துகளை 1974 நவம்பரில் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டர் குழுவும் தனித்தனியே அறிவித்தன. இருவருக்கும் 1976இல் நோபெல் பரிசு கிடைத்தது. சார்ம் குவார்க் இருப்பது உலகுக்குத் தெரியவந்ததே அந்த அரிய சேர்க்கையால்தான்.