அசர்பைஜானின் பாரம்பரிய இசையை முதலில் ஒலிப்பதிவு செய்தது யார்? அந்தப் பழைய தட்டுகளில் இன்று கேட்க என்ன இருக்கிறது?

முதலில் பதிவு செய்தவர்கள் கிராமபோன் வியாபாரிகள்தான். இசை ஆய்வாளர்கள் கருவியோடு வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்த அதே லண்டன் கிராமபோன் கம்பெனி, அந்தக் காலத்தில் காகசஸ் பக்கமும் ஆட்களை அனுப்பியது. திப்லிஸ் நகரம், அதாவது இன்றைய திபிலிசி, அவர்களுக்கு மையம். 1909-இல் காகசஸ், மத்திய ஆசியா என்று நீண்ட பதிவுப் பயணமே போனார்கள். எக்ஸ்ட்ராஃபோன், ஸ்போர்ட் ரெகார்ட் போன்ற போட்டிக் கம்பெனிகளும் இருந்தன. பாகுவில் எண்ணெய்ப் பணம் புரண்ட காலம். தட்டு வாங்க ஆள் இருந்தது.

பதிவான இசையில் முக்கியமானது முகாம் என்ற செவ்வியல் இசை வடிவம். 'மருத்துவ முகாம்' என்று நாம் சொல்லும் சொல்லும் இதுவும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. அரபியில் அதற்கு இடம், நிலை என்று பொருள். பாடகரை ஹானந்தா என்பார்கள். கையில் தஃப் என்ற கைப்பறையை வைத்துக்கொண்டு பாடுவார். பக்கத்தில் மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியமான தார் ஒன்று, வில்லால் வாசிக்கும் கமாஞ்சா ஒன்று. தாளக்கட்டு இல்லாமல் நம் ஆலாபனை போல விரியும் பகுதிகளுக்கு நடுவே, தாளத்தோடு தஸ்னிஃப் என்ற பாட்டுகள் வரும்.

அந்தத் தட்டுகளின் பெரிய குரல் ஜப்பார் கர்யாக்தியோக்லு. 1861-இல் கராபாக் பகுதியின் ஷூஷா நகரில் பிறந்தவர். பாரசீக கஜல்களே முகாமில் கோலோச்சிய காலத்தில், மக்கள் பேசும் மொழியில் பாடத் தொடங்கியவர். தாரில் குர்பான் பிரிமோவ், கமாஞ்சாவில் ஆர்மீனியரான சாஷா ஒகானெஸாஷ்விலி. இந்த மூவரும் சேர்ந்த பதிவுகளைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். முதல் தடவை இரைச்சலுக்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. ஹெட்போனில் நாலைந்து முறை கேட்ட பிறகு, உச்சத்தில் குரல் உடைந்து உடைந்து சுழல்வது தெளிந்தது. அன்றிலிருந்து விட முடியவில்லை.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக் கேளுங்கள். ஒரு முழு முகாம் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று, நான்கு நிமிடம். மைக் வருவதற்கு முந்தைய காலம். பெரிய கூம்புக் குழலுக்கு முன்னால் நின்று, மெழுகில் ஊசி கீறும்படி பாட வேண்டும். அதனால் ஒரு பகுதியோ ஒரு தஸ்னிஃபோதான் தட்டில் ஏறியது. நம் பழைய இசைத்தட்டு வித்வான்களும் ராகத்தை இப்படித்தான் சுருக்கினார்கள். மெதுவாக ஏறி உச்சத்தைத் தொடும் பயணம் இதில் கிடைக்காது. குரலின் தன்மையும் அலங்காரங்களும் கிடைக்கும்.

எனக்குத் தாங்க முடியாத இழப்பு சாதிக்ஜான். இன்றைய அசர்பைஜானியத் தாருக்கு 11 தந்தி கொடுத்து, மடியிலிருந்து மார்புக்கு உயர்த்தியவர் அவர். 1902-இல் இறந்துவிட்டார். அவர் விரலை நாம் கேட்க வழியில்லை. பிரிமோவ் அவருடைய மாணவர் என்பதால், மூவர் பதிவுகளில் தார் தனியாக ஒலிக்கும் இடங்களை நான் கூடுதல் கவனத்தோடு கேட்பேன்.

அப்புறம் சோவியத் காலம். இத்தாலியில் பயின்று திரும்பிய பாடகர் புல்புல், 1932-இல் பாகு இசைக் கல்லூரியில் நாட்டார் இசை ஆய்வுக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். எழுபதைத் தாண்டிய ஜப்பார் அங்கே போனோகிராஃப் உருளைகளுக்காக நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். 1936-இல் தார் கலைஞர் மன்சூர் மன்சுரோவின் வாசிப்பைக் கேட்டு ராஸ்த் முதலான முகாம்களை ஸ்வரப்படுத்தி அச்சிட்டார்கள். விற்பனைக்கான தட்டில் இடம் பெறாத பாட்டுகளுக்கும் இப்படி ஒரு வழி பிறந்தது.

சரி, எங்கே கேட்பது? 2005-இல் கராபாக் ஹானந்தாக்களின் பழைய தட்டுகளைச் சீர்செய்து எட்டு சிடிக்களாக வெளியிட்டார்கள். அதில் தொடங்கலாம். பழைய பட்டியல்களில் தேடும்போது 'அசர்பைஜான்' என்று மட்டும் தேடாதீர்கள். ரஷ்யப் பேரரசு இவர்களைத் தாத்தார்கள் என்றே அழைத்தது, அந்தப் பெயரிலும் தேடுங்கள். இன்னொன்று, அன்றைய தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில் பதிவானவை அல்ல. குரல் கீச்சென்று கேட்டால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.