பாட்டிக்கு லிங்கம், பேரனுக்குச் சுண்ணாம்பு: போரா குகைக்குக் கிளம்பும் முன்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. ஆந்திராவில் பூமிக்கடியில் தானாக முளைத்த லிங்கம் இருக்கும் குகையைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். ‘அது வெறும் சுண்ணாம்பு பாட்டி’ என்கிறான் ஏழாவது படிக்கும் என் மகன். வீட்டில் தினமும் இதே வழக்கு. போராவா, பேலமா? எப்போது போகலாம்?”

போராவுக்கே போங்கள். இதில் பக்தியைவிட, புவியியலைவிட, முட்டிதான் முக்கியம். நந்தியால் மாவட்டத்து பேலம் குகைக்குக் காரிலேயே போய்விடலாம் என்பதால் நம் பக்கத்தில் பலரும் முதலில் அதைத்தான் யோசிக்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகை; ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வரை நம்மை விடுகிறார்கள். ஆனால் கிணறு மாதிரியான குழியில் இறங்கவேண்டும், சில இடங்களில் குனிந்து நுழையவேண்டும், வியர்த்துக் கொட்டும். குழாய் வைத்துக் காற்றை உள்ளே செலுத்தினாலும் புழுக்கம் புழுக்கம்தான். பையன் பெரியவனானதும் அவனை மட்டும் அழைத்துப் போங்கள். பெயர் என்னவோ நமக்குச் சொந்தக்காரப் பெயர்: வடமொழி ‘பிலம்’. காஞ்சி காமாட்சி கோயிலில் பிலத்துவாரம் என்கிறோமே, அதே சொல்.

போரா இருப்பது விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு என்ற மலை ஊருக்குப் போகும் வழியில், ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில். குகை வாயே கோயில் மண்டபத்தைவிடப் பெரிது. மூச்சு முட்டாது, விளக்கு உண்டு, படிகள் உண்டு. ஆனால் இறங்கிய படிகளை எல்லாம் திரும்ப ஏறவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். லிங்கம் இருக்கும் இடத்துக்கு உள்ளேயே செங்குத்தாக இன்னொரு ஏற்றமும் இருக்கிறது. அம்மாவால் முடியாவிட்டால் கீழே நின்று கும்பிடட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

இனி உங்கள் வீட்டு வழக்கு. அந்தப் பக்கத்து மலைக்கிராமங்களில் சொல்லும் கதை இது. மேலே மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு, குகையின் கூரையிலுள்ள ஓட்டை வழியே உள்ளே விழுந்துவிட்டது. தேடிப்போன மாடு மேய்ப்பவன் உள்ளே லிங்கம்போல ஒரு கல்லைப் பார்த்தான். பசுவைக் காப்பாற்றியது சிவன்தான் என்று ஊர் முடிவு செய்தது. அங்கே ஓடும் ஆற்றின் பெயர் கோஸ்தனி, அதாவது பசுவின் மடி. நம் ஊரில் புற்றின் மேல் பசு பால் சொரிந்து லிங்கம் வெளிப்பட்ட கதை எத்தனை கோயிலில் இருக்கிறது! அம்மாவுக்கு இது புதுக்கதையாகவே தோன்றாது.

பையன் சொல்வதும் சரி, ‘வெறும்’ என்ற சொல்லைத் தவிர. வீட்டில் போர் தண்ணீர் என்றால் வாட்டர் ஹீட்டர் கம்பியை எடுத்து அவனிடம் காட்டுங்கள். வெள்ளையாக, சொரசொரவென்று ஒட்டியிருக்கும் அந்தப் படிவு பெரும்பாலும் அதே சுண்ணாம்புதான். ஹீட்டரில் சூடு செய்கிற வேலையைக் குகையில் வேறொன்று செய்கிறது. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு லேசாகப் புளிப்பேறி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்குகிறது. குகைக் கூரைக்கு வந்ததும், கோலி சோடாவைத் திறந்தால் நடப்பதுபோல, அந்த வாயு வெளியேறுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைத் தண்ணீரால் தாங்க முடியாது, விட்டுவிடுகிறது. கூரையில் விட்டது ஆலம் விழுதுபோலத் தொங்கும். தரையில் சொட்டியது மேல்நோக்கி வளரும். லிங்கம் இந்த இரண்டாவது வகை. ‘தானாக முளைத்தது’ என்று பாட்டி சொல்வதில் தப்பே இல்லை.

வேகம்? வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. விரல் அகலம் வளரவே நூறு வருடத்துக்கு மேல். அதனால்தான் தொடாதீர்கள் என்கிறோம். கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் புதுச் சுண்ணாம்பு சரியாக ஒட்டாது, கறுத்தும் போகும். மாணவர்களுடன் போகும்போது நான் இருபது தடவையாவது ‘கையைக் கட்டு’ என்று கத்தவேண்டியிருக்கும். அம்மா கற்பூரம் கட்டிக்கொண்டு வந்தால் அது பையிலேயே இருக்கட்டும். புகை கல்லில் படிந்தால் கழுவ மழை வராது.

இந்தக் குகைக்குக் கதையைவிடப் பழைய ஆட்களும் உண்டு. ஆந்திரப் பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் இங்கே இடைப் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். 30,000 முதல் 50,000 வருடப் பழமை என்று சொல்லப்படுகிறது.

எப்போது என்றால், மழை முடிந்த பிறகு. சொட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். நவம்பர் வேண்டாம். புயல் நமக்கா விசாகப்பட்டினத்துக்கா என்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். டிசம்பர் கடைசியில் அரக்கில் கூட்டம், சங்கராந்திக்கும் அப்படியே. தை பிறந்து பத்து நாள் போகட்டும், வாரநாளாகப் பாருங்கள். சிவராத்திரி அன்று மட்டும் முட்டி வலியோடு போகவே கூடாது. விசாகப்பட்டினத்திலிருந்து காலை ரயிலில் போரா குகலு ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். இரும்புத் தாது ஏற்ற 1960களில் போட்ட மலைப்பாதை, சுரங்கத்துக்கு மேல் சுரங்கமாக வரும். பையனுக்கு ஜன்னல் சீட் கொடுத்துவிடுங்கள். ரப்பர் பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ அவசியம், ஈரப்படியில் தோல் செருப்பு வழுக்கும். வெளியே குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். மூங்கிலுக்குள் வேகவைத்த கோழி அங்கே பிரபலம். தரிசனம் முடிந்தபின் என்றால் அம்மா விடுவாரோ என்னவோ.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்குப் போய் வாருங்கள். புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டர்போல. வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரப் பூங்காவில் நடங்கள். அங்கே கிடக்கும் கல்மரங்களை வக்கிராசுரனின் எலும்பு என்று ஊரில் சொல்வார்கள். சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரத்தில் நீர் கொண்டுவந்த சிலிக்கா புகுந்து கல்லாக்கியது என்று பையன் சொல்வான். அவர்கள் வழக்கு ஓடட்டும், நீங்கள் அம்மாவின் நடையைக் கவனியுங்கள். மேடுபள்ளத்தில் ஒரு மணி நேரம் நடந்து, மறுநாள் காலையில் முட்டி வீங்காமல் இருந்தால் டிக்கெட் போடலாம்.