கடைத் தூளுக்கு எந்த வடி? கோப்பிக் கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: அண்ணன், கடையில் திரித்த கோப்பித்தூள்தான் வாங்குறோம். கடதாசி வடி வைத்து மேலால் தண்ணீர் ஊற்றுகிற கூம்பு, வி60 எடுத்தால் சரிவருமா?

வேண்டாம் தங்கச்சி. கடைத்தூள் மா மாதிரி இருக்கும். கடதாசி அடைத்து, 3 நிமிடத்தில் இறங்க வேண்டிய தண்ணீர் தேங்கி நின்று கசப்பையெல்லாம் இழுத்துவரும். இந்தத் தூளுக்குத் துணி வடிதான். 200 மி.லீ.க்கு 12 கிராம், அதாவது மேசைக்கரண்டியால் மட்டமாக 2. கொதித்த கேத்தலை இறக்கி, அரை நிமிடம் விட்டு, தூள் போட்ட பாத்திரத்தில் ஊற்றி, ஒருதரம் கலக்கி மூடுங்கள். 3 நிமிடத்தில் துணியால் வடியுங்கள். துணிக்குச் சவர்க்காரம் போட்டால் அந்த மணம் அடுத்த கோப்பியில் வரும். சுடுதண்ணீரில் அலசி, தண்ணீரில் அமிழ்த்தி பிரிஜ்ஜில் வையுங்கள்; காயவிட்டால் துணியில் ஊறிய எண்ணெய் காறிப்போகும். வேர்க்கொம்பு, மல்லி போட்ட தூளுக்கும் இதே வழிதான். அதில் கோப்பி குறைவு, ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள்.

கல்முனையிலிருந்து: அடுப்பில் வைத்து ஆவியால் கோப்பி இறக்குகிற மொக்கா பொட்டில் நடுப்பக்கத்தால் ஆவி சீறுது, கோப்பியும் கருகின மணம்.

சீறுவதற்குக் காரணம் விளிம்பில் ஒட்டின தூள், இல்லாவிட்டால் தேய்ந்த இறப்பர் வளையம். தூளை அழுத்தி அடைத்தாலும் அப்படித்தான். தூள் போடுகிற கூடையை நிரப்பி, விரலால் மட்டம் தட்டினால் போதும். தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்கவேண்டும். அது பாதுகாப்பு வால்வு, மூழ்கக்கூடாது. கருகலுக்கு அடுப்புத்தான் காரணம். சுடுதண்ணீர் ஊற்றி, சின்ன பேர்னரில் ஆகக் குறைந்த நெருப்பு வையுங்கள். களகளவென்ற சத்தம் தொடங்கினதும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: தம்பி, மகன் பிரெஞ்ச் பிரெஸ் அனுப்பியிருக்கான், வலைத்தட்டைக் கீழே அமுக்கிக் கோப்பி வடிக்கிற சாமான். கடைத்தூள் போட்டேன், கீழே அமுங்குதில்லை.

பலவந்தமாக அமுக்காதீங்க அக்கா, சுடுதண்ணீர் மேலே அடிக்கும். அதற்குக் கரடுமுரடான தூள் வேணும்: 450 மி.லீ.க்கு 30 கிராம், 4 நிமிடம். கொட்டை வாங்கிக் கையால் திரிக்காவிட்டால் அந்தச் சாமானை அலுமாரியில் வைக்கலாம்.

ஏறாவூரிலிருந்து: நான் கொட்டை திரித்துத்தான் வி60 போடுறேன். சப்பென்று இருக்கு.

கேத்தலுக்குள் வெள்ளைப் படிவு பிடிக்குதா? அப்படியென்றால் கிணற்றுத் தண்ணீர்தான் கோப்பியின் புளிப்பை அடித்துவிடுகிறது. போத்தல் தண்ணீரில் ஒருதரம் போட்டுப் பாருங்கள்: 15 கிராம் தூளுக்கு 250 மி.லீ. தண்ணீர். முதலில் 45 மி.லீ. ஊற்றி 40 விநாடி பொறுத்து, மிச்சத்தை இரண்டு தரமாக ஊற்றுங்கள். 3 நிமிடத்துக்குக் கிட்ட முடியவேண்டும். வேகமாக இறங்கிப் புளித்தால் இன்னும் நுணுக்கமாகத் திரியுங்கள், இழுபட்டுக் கசந்தால் கரடாக. அளவையும் சூட்டையும் அப்போது மாற்றவேண்டாம்.