பள்ளியில் குடிமைப் பண்புகளைக் கற்பித்தால் தேச ஒற்றுமை வளருமா?

வளரும், ஆனால் புத்தகத்தில் இன்னொரு பாடத்தைச் சேர்ப்பதால் மட்டும் அல்ல. ஒற்றுமை பற்றி இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவர், வேறு மொழியோ மதமோ கொண்ட ஒருவரிடம் நெருங்கிப் பேசாமலேயே பள்ளியை முடித்துவிடலாம்.

பலன் தருவது சேர்ந்து செய்யும் வேலைதான். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்புக்கு வந்தபோது மோதல்கள் எழுந்தன. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவர் மாணவர்களும் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, பல இனத்தவர் கலந்த சிறு குழுக்களில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தந்தால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். அவரைக் கேலி செய்தால் நஷ்டம் தனக்கே! பிள்ளைகளுக்குள் இருந்த வெறுப்பு குறைந்தது. இத்தனைக்கும் இதில் ஒற்றுமை பற்றிய உபதேசமே கிடையாது.

சரி, ஒற்றுமை என்ற பெயரில் ஒரே கருத்தைத் திணித்துவிட்டால்? ஜெர்மனியில் அரசியல், குடிமைப் பாடங்களை எப்படிக் கற்பிப்பது என்பது பற்றி 1976-இல் உருவான பாய்டெல்ஸ்பாக் உடன்பாடு இதற்குத்தான் வரம்பு கட்டியது. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் சுமத்தக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே முன்வைக்க வேண்டும். மாணவர் தன் நிலையையும் நலனையும் தானே ஆராயப் பழக வேண்டும். இவற்றில் இரண்டாவதுதான் கடினம். கருத்து வேறுபாட்டைப் பேசினாலே நாடு பிளவுபட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மரியாதையாகச் சண்டை போடப் பழகாத பிள்ளைகள்தான் பிற்காலத்தில் வதந்திக்கு எளிதில் மயங்குவார்கள் என்பது என் கணிப்பு.

கொடியேற்றம், உறுதிமொழி எல்லாம் இருக்கட்டும், தப்பில்லை. ஆசிரியரே பாகுபாடு காட்டும் வகுப்பில் அவை எடுபடாது, அவ்வளவுதான்.