கூட்டமில்லாத ஜப்பான் கோயில்கள்: அம்மாவோடு குனிசாகி போகலாமா?

கேள்வி: போன முறை கியோட்டோ போனபோது கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியவில்லை. இந்த முறை கிராமத்துச் சிறிய கோயில்களுக்குப் போக ஆசை. கூட 67 வயது அம்மா வருகிறார், எங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பஸ்ஸிலேயே சுற்றிவிடலாமா? தெரியாமல் ஏதாவது தப்பு செய்துவிடுவோமோ என்றும் பயம்.

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் பஸ்ஸை நம்பாதீர்கள். கிராமத்துப் பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும், சில தடங்களில் சனி, ஞாயிறு வரவே வராது. அம்மாவோடு வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம், வாடகைக் கார் எடுங்கள். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், அசல் லைசென்ஸும் கையில் இருக்கட்டும். மொழி தெரியாவிட்டாலும் காரில் உள்ள வழிகாட்டிக் கருவியில் கோயிலின் தொலைபேசி எண்ணை அழுத்தினால் போதும், பெரும்பாலும் வாசலிலேயே கொண்டுபோய் விடும்.

இடம் என்று கேட்டால் நான் கியூஷு தீவின் ஓயிட்டா மாவட்டத்தில் உள்ள குனிசாகி தீபகற்பத்தைத்தான் சொல்வேன். ஓயிட்டா விமான நிலையமே அந்தத் தீபகற்பத்தில்தான் இருக்கிறது. 718-இல் நின்மோன் என்ற துறவி இங்கே கோயில்களை நிறுவினார் என்பது ஐதீகம். பக்கத்தில் உள்ள உசா ஜிங்கு என்ற ஷிண்டோ கோயிலின் (ஷிண்டோ ஜப்பானின் பூர்விக மதம்) ஹாச்சிமான் தெய்வ வழிபாடும் மலைத் துறவிகளின் பௌத்தமும் இங்கே ஒன்றாகக் கலந்தே வளர்ந்தன. 1868-இல் அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லி ஆணையிட்டது, ஆனாலும் இன்றைக்கும் ஒரே மலையடிவாரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

முதலில் புங்கோதகாதாவில் உள்ள ஃபுகிஜி. 12-ஆம் நூற்றாண்டு மரக்கோயில், கியூஷுவில் எஞ்சியிருக்கும் மரக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. உள்ளே அமிதா புத்தர், சுவரில் மங்கிப்போன சொர்க்க ஓவியங்கள். மழை பெய்தால் ஓவியத்தைக் காப்பாற்றக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் மழையில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். நவம்பர் பின்பாதி என்றால் முற்றத்து கிங்கோ மரத்து இலைகள் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். அம்மாவுக்கு ஏற்ற கோயில் இதுதான், அவசரமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள்.

குமானோ மகாய்புத்சு என்ற பாறைச் சிற்பங்கள் அப்படியில்லை. பாறையில் செதுக்கிய ஃபுடோ மியோஓ என்ற பௌத்தக் காவல் தெய்வம் (நம் வடமொழியில் அசலநாதர்) ஏறத்தாழ 8 மீட்டர் உயரம், பக்கத்திலேயே தைனிச்சி நியோராய் என்ற புத்தர். அங்கே போகக் காட்டு வழியில் இருபது நிமிடம் ஏற வேண்டும், கடைசியில் கரடுமுரடான கல்படிகள். விடிவதற்குள் நூறு படி கட்டினால் மனிதரைத் தின்னலாம் என்று சாமி ஓர் ஓனிக்கு, அதாவது அசுரனுக்கு, வாக்குக் கொடுத்ததாம், அது 99 முடித்ததும் சாமியே சேவல்போலக் கூவி ஓட்டிவிட்டதாம். அவசரத்தில் அடுக்கிய கல் என்று சொல்வது ஏறும்போது நன்றாகவே புரியும். கீழே ஊன்றுகோல் வைத்திருப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருந்தால் அம்மாவை வற்புறுத்தாதீர்கள். ஈரமான நாளில் நீங்களும் ஏற வேண்டாம்.

அப்புறம் உங்கள் பயம். வாசலில் தோரி வளைவு இருந்தால் அது ஷிண்டோ கோயில்: தண்ணீரில் கையைக் கழுவி, காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனியுங்கள். ஆனால் உசா ஜிங்குவில் நான்கு தட்டு. பௌத்தக் கோயிலில் கைதட்டவே கூடாது, நாம் கும்பிடுவதுபோலக் கைகூப்பினால் சரி. செருப்பைக் கழற்றும் பழக்கம் நமக்கு இருப்பதுதான், ஆனால் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், மரத்தரை குளிர்காலத்தில் பனிக்கட்டிபோல இருக்கும். சன்னதிக்குள் படம் எடுக்கும் முன் பலகையைப் பாருங்கள், பெரும்பாலும் தடைதான்.

சின்னக் கோயில்கள் பலவற்றில் ஆளே இருக்க மாட்டார்கள், ஒரே பூசாரி பல ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்வார். கோயிலுக்கு வந்ததன் அடையாளமாகத் தரும் கொஷுயின் முத்திரை வேண்டுமென்றால் சில இடங்களில் முன்பே எழுதிய தாளை ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள், எடுத்துக்கொண்டு காசை உண்டியலில் போட வேண்டும். சில்லறை கொடுக்க யாரும் இல்லை, நூறு யென் நாணயங்களை நிறைய மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோயில்களைக் கூட்டிப் பெருக்குவது அக்கம்பக்கத்து முதியவர்கள்தான், எதிரே வந்தால் நின்று தலை குனிந்து வணங்கிவிட்டுப் போங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று கோயில், அதற்கு மேல் வைக்காதீர்கள். நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் சாத்திவிடுவார்கள், கிராமத்துப் பெட்ரோல் பங்கும் சீக்கிரம் மூடிவிடும், காலையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.